மிளா தொடாத சோளம்

போன வாரம் ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற இடத்துக்கு வந்திருக்கும் கால்நடை ஆய்வாளர்தான் பேசினார். குரலில் பதற்றம். "சார், கம்பத்துல ஒரு ஸ்டூடியோ விடாம ஏறி இறங்கிட்டேன். ஹைப்போ இருக்கான்னு கேட்டா, அப்படின்னா என்னன்னு திருப்பிக் கேக்குறாக."

கேட்பார்கள்தான். இப்போது யார் இருட்டறையில் படம் கழுவுகிறார்கள்? எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது. படச்சுருள் கழுவ ஸ்டூடியோக்காரர்கள் வாங்கி வைத்திருந்த அந்த வெள்ளை உப்புதான், விஷச்சோளம் தின்ற மாட்டுக்கு எங்கள் கையில் இருந்த மருந்து. மதுரையில் கெமிக்கல் கடையில் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் விடவில்லை. "ஒரே காட்டுச் சோளந்தான் சார். ரெண்டு மாடு விழுந்துருச்சு, மத்த மாடெல்லாம் அசை போட்டுக்கிட்டு நிக்குது. அது எப்பிடி சார்?"

இதற்கெல்லாம் போனில் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பேசிப் பேசியே தொண்டை வற்றிப்போன உத்தியோகம் இது. முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனை எழுப்பி விட்டார். எழுதித் தருகிறேன், நிதானமாகப் படித்துக்கொள்ளட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊசி போடக் கற்றேன், சினை பார்க்கக் கற்றேன், உதை வாங்கக் கற்றேன். சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஊரார் வாயில் நான் கம்பவுண்டர்தான். கால்நடை ஆய்வாளர் என்று போர்டு எழுதி மாட்டிப் பார்த்தேன். அந்தப் போர்டுக்குக் கீழே நின்றே, "கம்பவுண்டரு இல்லையா?" என்று கேட்பார்கள். கடைசியில் நானே அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

தொண்ணூற்றாறில் எங்கள் மருந்தகத்துக்கு டாக்டர் மல்லிகா மாற்றலாகி வந்தார். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில், மலையை ஒட்டி, பஸ் நினைத்தால் வரும் ஊர். "பொம்பள டாக்டரு இங்கன எத்தன நாளைக்குத் தாக்குப் பிடிப்பாக?" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாட்டுக் கொட்டத்துக்குள் நுழைந்தார் என்றால் வேலை முடியாமல் வெளியே வரமாட்டார். அதட்டத் தெரியாது. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும், அதுதான் எனக்குப் பயம். "பாண்டி, இந்த ஊசி கொதிச்சதா?" என்று மெதுவாகக் கேட்டாரென்றால், கொதித்ததோ இல்லையோ, இன்னொரு தடவை அடுப்பில் ஏற்ற வேண்டும்.

மாடு விழுந்த வீட்டுக்குப் போனால் எல்லோரும் மாட்டைச் சுற்றி நிற்பார்கள். அவர் முதலில் தீவனத் தொட்டியைப் பார்ப்பார். கையை விட்டுக் கிளறி, மோந்து பார்ப்பார். சில சமயம் ஒரு இலையைக் கடித்துத் துப்புவார். என்ன நோய் என்று யார் கேட்டாலும் "பாப்போம்" என்பதுதான் பதில். மாதத்துக்கு ஒருமுறை கம்பம் போய் ஸ்டூடியோவில் ஹைப்போ வாங்கி வருவார். "டாக்டரம்மா, நீங்க படத்தக் கழுவுறீகளா, மாட்டக் கழுவுறீகளா?" என்று ஸ்டூடியோக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். இவரும் ஒவ்வொரு தடவையும் சிரித்துவைப்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, உச்சி வெயிலில், "நிறுத்துங்க பாண்டி" என்பார். நிறுத்தினால் இறங்கி இலந்தைப் புதரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆடு போகிற தடத்தில் இருக்கும் புதரில் முள் நெருக்கமாக, நீளமாக இருக்கும். வேலி போட்டு ஆடு நுழையாத இடத்தில் நிற்கும் புதர்களில் பாதி கொஞ்சம் சாதுவாக இருக்கும். "ரெண்டும் ஒரே இலந்தைதான். இங்க ஆடு பொறுக்கித் தின்னுருக்கு. முள்ளு கம்மியா முளைச்சதெல்லாம் வளரவே இல்ல, முள்ளு உள்ளது மட்டும் பெருகிருச்சு," என்பார். எனக்கு நாக்கு வறண்டு கிடக்கும். இந்தம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, "ஆமாங்க மேடம்" என்பேன்.

இனி பேச்சியம்மாவின் கதைக்கு வருகிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்த வருஷங்களில் ஒன்று. பேச்சியம்மாவுக்குக் கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊரை விட்டு மேலே ஏறிப்போனால், மலையை ஒட்டினாற்போல அவருடைய மானாவாரிக் காடு. வீடும் அங்கேயேதான். மூன்று பசு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தார். அடுத்த காடு அவருடைய கொழுந்தன் வேலுச்சாமியுடையது. மாமனார் காலத்துக்குப் பிறகு பாகம் பிரித்தபோது, நடுவில் உள்ள வரப்பை யார் எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்று தொடங்கிய சண்டை, முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை என்ற அளவுக்கு வந்திருந்தது. வேலுச்சாமி குடியிருந்தது கீழே, வாய்க்கால் மேட்டில். அவருடைய மாடுகளும் அங்கேதான். மேலே காட்டுக்கு அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதே இல்லை.

ஒரு நாள் காலையில் பேச்சியம்மாவின் அண்ணன் ராசு சைக்கிளைப் போட்டுவிட்டு மருந்தகத்துக்குள் ஓடி வந்தார். "டாக்டரம்மா, எந் தங்கச்சி மாடு சாகுது! விஷம் வச்சுட்டான் அந்தப் பய!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு பசு செத்து விறைத்திருந்தது. கருப்பி என்ற சினைப்பசு பக்கவாட்டில் விழுந்து, வாயைப் பிளந்து, காலை உதறிக்கொண்டிருந்தது. மூன்றாவது பசுவான செவலை மட்டும் நான்கு காலையும் அகட்டி ஊன்றி, மூக்குத் துவாரம் விரிய, நடுங்கிக்கொண்டு நின்றது. டாக்டர் முதலில் தொட்டியைப் பார்த்தார். காலியாக இருந்தது. காட்டைப் பார்த்தார். இடுப்பளவில் குறுகி நின்ற சோளத்தில், மலையோரமாக மாடு மேய்ந்த தடம் தெரிந்தது. அப்புறம்தான் கருப்பியின் பக்கத்தில் மண்டியிட்டு உதட்டைத் தூக்கினார். ஈறு பளிச்சென்று சிவந்திருந்தது. மூச்சை மோந்தார்.

"பாண்டி, உங்களுக்கு ஏதாச்சும் வாசம் தெரியுதா?"

"சாணி வாசந்தாங்க மேடம்."

"சில பேருக்குத் தெரியாது. எனக்குக் கசப்பு வாதுமை வாசம் வருது." கழுத்து நரம்பில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார். மூச்சுத் திணறுகிற மாட்டின் ரத்தம் கருத்திருக்க வேண்டும். இதுவோ செம்பருத்திப் பூ நிறத்தில் இருந்தது. "காத்து ரத்தத்துலயே நிக்குது, உடம்பு அத எடுத்துக்கல. சோள விஷம். மருந்தக் கரைங்க."

நைட்ரைட் உப்பை முதலில், மெதுவாக, நரம்பு வழியாக விடவேண்டும். வேகமாக விட்டால் அதுவே கொன்றுவிடும். அதன் பின்னாலேயே ஹைப்போ. பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். டாக்டர் ஒரு கையால் குழாயைப் பிடித்து, மறு கையை மாட்டின் நெஞ்சில் வைத்திருந்தார். பேச்சியம்மா கருப்பியின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். பாட்டில் பாதி இறங்குவதற்குள் கருப்பி அடங்கிவிட்டது. உள்ளே கன்று மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. அந்த அசைவு பேச்சியம்மாவின் உள்ளங்கைக்குக் கீழே நின்றதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். எத்தனையோ மாடு செத்துப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை.

"செவலையப் பிடிங்க," என்றார் டாக்டர், தணிந்த குரலில். செவலைக்கு மருந்து முழுவதும் இறங்கியது. நடுக்கம் நின்றது, மூச்சு சீரானது. தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போனது. அதைப் பேச்சியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குள் ஊர் திரண்டுவிட்டது. ராசு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோவையும் வரவழைத்துவிட்டார். வேலுச்சாமியை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த மனிதர் பாவம், சட்டைகூடப் போட்டிருக்கவில்லை.

"நா எதுக்கு விஷம் வைக்கப் போறேன்? நானும் மாடு வச்சிருக்கவன்தான?" என்று அவர் கத்தினார்.

பேச்சியம்மா எழுந்து வந்தார். "ஏலே, ரெண்டு காட்டுலயும் ஒரே வித்து. நம்ம அய்யா குடுத்த வித்து. ஒம் மாடும் இந்தச் சோளத்தட்டையத்தான் திங்குது. ஒம் மாட்டுக்கு ஒண்ணும் ஆகல, எம் மாடு மட்டும் எப்பிடிச் செத்துச்சு? சொல்லு."

கூட்டத்தில் யாருக்கும் அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. வாயும் வயிறுமாக இருந்த பசுவைக் கொன்றவன் என்று பேர் எடுத்துவிட்டால் அந்த மனிதர் அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே தலை நிமிர்ந்து நடப்பது? அவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரும் பக்கத்து ஊர்தான். இழுத்து வந்தவர்களில் ஒருவர் கையை ஓங்கியும் விட்டார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் டாக்டர். அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நான்தான் தொண்டை கிழியக் கத்தினேன். "ஏலே, டாக்டரம்மா பேசுறாகல்ல!"

"ஸ்டேஷனுக்கு அப்புறமாப் போகலாம். மொதல்ல இந்தக் காட்டுல எனக்கு ஒரு வேலை இருக்கு," என்றார் அவர்.

அந்த வேலை இதுதான். பிக்ரிக் அமிலத்தில் நனைத்துக் காயவைத்த மஞ்சள் தாள் துண்டுகளை அவர் எப்போதும் பெட்டியில் வைத்திருப்பார். இலையைப் பொடியாகக் கிழித்து, காலி மருந்துக் குப்பியில் போட்டு, இரண்டு சொட்டு குளோரோஃபார்ம் விடவேண்டும். மஞ்சள் தாளை இலையில் படாமல் ரப்பர் மூடியில் தொங்கவிட்டு மூடி, குப்பியைச் சூட்டில் வைக்கவேண்டும். இலையில் விஷம் இருந்தால் ஆவியாகி மேலே வரும், தாள் சிவக்கும். எவ்வளவு விஷமோ அவ்வளவு சிவப்பு.

எல்லோரும் செத்த மாட்டின் வயிற்றைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் காட்டின் நடுவில் போய் ஒரு செடியில் ஒரு இலை, அடுத்த செடியில் ஒரு இலை என்று கிள்ளிக்கொண்டே மலையோரம் வரை நடந்தார். நான் குப்பிகளோடு பின்னால் போனேன். ஒரு செடிக்கு ஒரு குப்பி. வரப்பை ஒட்டி, வெயில் படும் பாறையில், காட்டில் செடி நின்ற அதே வரிசையில் குப்பிகளை வைக்கச் சொன்னார். "இடம் மாறிடக் கூடாது பாண்டி," என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வேலுச்சாமியின் காட்டுக்குள் இறங்கி, அங்கேயும் அதே மாதிரி கிள்ளி வந்தார்.

எல்லோரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். மெல்ல மெல்ல நிறம் ஏறியது. காட்டின் நடுவில் எடுத்த குப்பிகளில் ஒன்று மஞ்சளாகவே இருந்தது, பக்கத்திலேயே இன்னொன்று ஆரஞ்சு, அதற்கடுத்து காவி, மறுபடி மஞ்சள். மலையோரத்துக் குப்பிகள் முழுக்கச் செங்கல் நிறம். அந்த வரிசையில் ஒரு மஞ்சள்கூட இல்லை. வேலுச்சாமியின் காட்டிலும் அச்சாக அப்படியே.

"விஷம் செடிக்குள்ளயே இருக்கு. யாரும் வைக்கல," என்றார் டாக்டர். "எளம் இலையில இருக்கும். மழையில்லாம வாடி, அப்புறம் ஒரு தூறல் விழுந்து துளுத்தா இன்னும் ஏறும். பூத்து முத்திட்டா குறைஞ்சுரும். காஞ்ச தட்டையில பயமில்ல, மணியில இல்லவே இல்ல. வேலுச்சாமி மாடு கீழ நிக்குது, காஞ்ச தட்டைதான் திங்குது. உங்க மாடு இன்னிக்கு எங்க மேஞ்சுச்சு?"

பேச்சியம்மா மலையோரத்தைக் காட்டினார். "பச்சையப் பாத்து எத்தன மாசமாச்சு? எலும்புந் தோலுமா நிக்குதுகளேன்னு நாந்தான் அவுத்துவிட்டேன். அங்கனதான் சோளம் தழதழன்னு நின்னுச்சு."

"அங்க மட்டும் ஏன் தழதழன்னு நிக்குது?"

"மிளா மானும் பன்னியும் மலையிலருந்து எறங்கி ஓரத்த மேஞ்சுட்டுப் போகும். நடுக்காட்டுல நா பரண் போட்டுக் காவல் காப்பேன், அங்கன வராது. ஓரத்துல அதுக கடிச்சது போக, தொடாம விட்டது நிக்கும். அதுதான் கெட்டிக்கார வித்துன்னு எம் மாமனாரு சொல்லுவாக. மலையோரத்துல தப்பிச்ச கதிரத்தான் வருசா வருசம் வித்துக்கு எடுத்து வப்போம். இந்தப் பக்கத்துல எங்க சோளத்த மாதிரி மிளா தொடாத சோளம் ஒருத்தர்கிட்டயும் கெடையாது." அதைச் சொல்லும்போது, அந்த நிலையிலும், குரலில் ஒரு மிடுக்கு இருந்தது.

டாக்டர் மலையோரத்துக் குப்பிகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த இலந்தைப் புதர் நினைவுக்கு வந்தது.

"செடி எல்லாம் ஒண்ணுபோலப் பொறக்குறதில்ல பேச்சியம்மா. ஒண்ணுல விஷம் கம்மி, ஒண்ணுல கூட. மிளாவுக்கு அது ருசியில தெரியுது. கம்மியானதத் தின்னுட்டு, கூடுதலா உள்ளத விட்டுட்டுப் போகுது. அப்பிடி விட்டதயே நீங்க வித்துக்கு எடுத்தீங்க. அடுத்த வருஷம் அதுலருந்து மறுபடி மிளா தின்னது போக மிச்சம். அக்கம்பக்கத்துச் சோளத்தோட மகரந்தம் விழுந்து நடுவுல கொஞ்சம் சாதுவானது கலந்துக்கும். ஆனா மொத்தத்துல வருஷா வருஷம் விஷம் ஏறிக்கிட்டே வந்துருக்கு. மிளாவும் உங்க குடும்பமும் சேந்து பொறுக்கி எடுத்த சோளம் இது."

"அப்ப நாந்தான் கொன்னேனா, ஆத்தா?"

"யாரும் கொல்லல. மழை இருந்த வருஷத்துல இது உங்களக் காப்பாத்துச்சு. இந்த வருஷம் மழை இல்ல."

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. ஆட்டோவும் போயிற்று. வேலுச்சாமியைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்டு, எங்கோ அவசர வேலை இருப்பதுபோல நடந்தார்கள். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு மதினியின் முகத்தைப் பார்த்து நின்றார். ஒரு வார்த்தை வரும் என்று நினைத்திருப்பார். பேச்சியம்மாவோ செத்த மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வித்த மாத்தணும்னு இல்ல. பூக்குறதுக்கு முன்னாடி மாட்ட உள்ள விடாதீங்க, அவ்வளவுதான்," என்று டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். காதில் விழுந்தால்தானே? வீட்டில் இருந்த வித்துச் சோளம் அத்தனையையும் பேச்சியம்மா அன்றைக்கே அள்ளி அடுப்பில் போட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த பட்டத்துக்குக் கடையில் சோள வித்து வாங்கி விதைத்தார். நல்ல மழை. பயிர் எழும்பி வந்த அழகை நானே பார்த்தேன். டாக்டர் அதைத் தாளில் சோதித்துவிட்டு, "இது சாது," என்றார். எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு? மலைக்கும் அது சாது என்று தெரிந்துவிட்டது. பரண் போட்டுக் காத்தும், தகரம் தட்டியும், நெருப்புப் போட்டும் மிளாவும் பன்றியும் வருவது நிற்கவில்லை. ஓரம் போனது, பிறகு நடுக்காடும் போனது. பக்கத்திலேயே வேலுச்சாமியின் காட்டில் பழைய சோளம் கதிர் முற்றி நின்றது.

இதுதான் இந்த உத்தியோகத்தில் என்னை அலுக்க வைத்தது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் உடைகிறது. மாட்டைக் காப்பாற்றினால் பயிர் போகிறது, பயிரைக் காப்பாற்றினால் மாடு போகிறது. டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு வண்டியில் வரும்போது எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை.

அறுவடை முடிந்து கோமாரித் தடுப்பூசி போட நான் மேலே ஏறிப் போயிருந்தேன். பேச்சியம்மா செவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது வேலுச்சாமி தோளில் ஒரு சாக்கோடு வந்து வரப்புக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"மதினி, நம்ம அய்யா வித்து. ஒனக்குன்னு மலையோரத்துக் கதிராப் பாத்து எடுத்தேன்."

பேச்சியம்மா வரப்பைத் தாண்டிப் போனார். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். வாங்கித் தரையில் இறக்கி வைத்தார். பிறகு செவலையின் கயிற்றைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தார்.

"இந்தச் சோளம் நிக்கிற எடத்துல இனி மாடு வேணாம். வாய்க்கா மேட்டுல ஒம் மாட்டோட கட்டிக்க."

"பாலு?"

"கறந்துக்க. எனக்கு ஒரு செம்பு குடுத்துவிட்டாப் போதும்."

வேலுச்சாமி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். உடனே கிளம்பவில்லை. குனிந்த தலை நிமிராமலே கேட்டார். "நா குடுத்துவிடுற பால நீ குடிப்பியா, மதினி?"

நான் ஊசியை மருந்துக் குப்பிக்குள் செருகியபடியே நின்றுவிட்டேன். கருப்பி செத்த அன்றுகூட அழாத பேச்சியம்மா, முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துக்கொண்டு, பழைய அதட்டலோடு சொன்னார்.

"யாருகிட்டயும் குடுத்துவிடாத. நீயே கொண்டாந்து குடு. நீ பாத்துக்கிட்டு நிக்கயிலயே குடிக்கிறேன்."